ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட உங்களுக்குக் கை துடித்திருக்கும். போடாமல் பிரித்திருந்தால் இந்த ஒரு கடிதத்தையாவது முழுசாகப் படித்துவிடுங்கள். போனில் என் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டீர்கள். தபால்காரரைத் தடுக்க முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் கழித்து எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பீர்கள். அண்ணன் ஓட்டிய விமானத்தின் காக்பிட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு. இறக்கை, வால் எதுவும் வேண்டாம். அவர் உட்கார்ந்திருந்த அந்த இடம் மட்டும் போதும். கடைசியாக அவர் கண்ணில் பட்டது என்னென்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். இது இல்லாமல் என் மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

போர் விமானம் என்றால் கடையில் பெட்டி பெட்டியாக மாடல் கிடைக்கும். வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானத்துக்கு யார் பெட்டி போடப்போகிறார்கள்? அதனால் எல்லாவற்றையும் நானேதான் வெட்டி ஒட்டுகிறேன். நான் வேலை செய்கிற பல்செட் லேபில் இருக்கிற மெழுகுக் கத்தி, சின்ன டிரில், அக்ரிலிக் பொடி எல்லாம் இதற்கும் உதவுகின்றன. ஊசி மருந்துக் குழாயின் முனையைத் தேய்த்துக் கூர்மையாக்கி, மீட்டர் முகப்புகளை வட்டம் வட்டமாக வெட்டியிருக்கிறேன். கண்ணாடிக்குப் பதில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுப் பசை.

என்னிடம் மூன்று போட்டோதான் இருக்கிறது. மூன்றிலும் அண்ணன் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு மீட்டர் பானலை மறைத்து உட்கார்ந்திருக்கிறார். ஆறு மீட்டர்கள் தெரிகின்றன. ஏழாவது அவர் காதுக்குப் பின்னால் போய்விட்டது. அங்கே என்ன இருந்தது அண்ணி? தினமும் அதைத் துடைத்தவர் நீங்கள்தான். வேறு யாரிடம் கேட்பேன்?

உங்கள் கொழுந்தன்


ஜூன் 15

தம்பிக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். "சித்தப்பா கையெழுத்தும்மா, எனக்குத் தெரியும்" என்று உங்கள் அண்ணன் மகள் பிடுங்கிக்கொண்டாள். பத்து வயதாகிறது. எதையும் அவளிடமிருந்து ஒளிக்க முடியவில்லை.

மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லையா? நல்லது. என் மனசு எங்கே நிற்கிறது என்று சொல்லட்டுமா? விசாரணை அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் நிற்கிறது. "காலையில் மனைவியுடன் ஏற்பட்ட தகராறால் விமானி மனம் கலங்கிய நிலையில் இருந்ததும், அதனால் மின்கம்பியைக் கவனிக்கத் தவறியதும் காரணமாகலாம்." மனப்பாடமாகத் தெரியும். அந்தத் தகராறை அதிகாரிக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்பதும் தெரியும். உடம்பைக் கொண்டுவந்து வைத்திருக்கும்போது, அத்தனை பேருக்கு நடுவில், "ஒரு நாளாவது அவரை நிம்மதியா அனுப்பியிருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டது யார் என்பதும் மறக்கவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை பொறுக்காமல்தான் ஊரை விட்டு வந்தேன். இப்போது ஒரு விதைக் கிடங்கில் மூட்டை எடை போடுகிறேன்.

இவள் பெரியவளாகி ஒருநாள் அந்த அறிக்கையைத் தேடிப் படிப்பாள். அன்றைக்கு என் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே கவலை. நீங்கள் பொம்மை செய்ய அளவு கேட்கிறீர்கள்.

காதுக்குப் பின்னால் இருப்பது மீட்டரே இல்லை. அந்த மீட்டர் பழுதாகிக் கழற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. ஓட்டை வழியாகக் காற்று முகத்தில் அடிக்கிறது என்று உங்கள் அண்ணன் தைல டப்பா மூடி ஒன்றை அதில் அழுத்தி வைத்தார். பச்சை மூடி. தெரியாமல் அங்கே ஒரு மீட்டரைச் செய்து வைத்துவிடாதீர்கள், அதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

இதோடு விடுங்கள்.


ஜூன் 23

அன்புள்ள அண்ணிக்கு,

மூடியைச் செய்துவிட்டேன். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாளை ஒரு ஆணித் தலையில் வைத்து அழுத்தினால் விளிம்போடு வருகிறது. நான்காவதுதான் சரியாக வந்தது. பச்சையில் துளி மஞ்சள் கலந்தேன். அண்ணன் எப்போதும் தடவுகிற அந்தத் தைலம்தானே?

நான் அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் அப்படிக் கேட்டது தப்பு. என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதிகாரியிடம் நான் பொய் சொல்லவில்லை அண்ணி. அன்றைக்குக் காலையில் அண்ணன் என்னோடு போனில் பேசினார். "உங்க அண்ணி காலையிலயே ஒரு பிடி பிடிச்சுட்டாடா, மனசே சரியில்ல" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, விடு" என்றார். அதிகாரி கேட்டார், சொன்னேன். நீங்களும் அதே அதிகாரியிடம் குழம்பில் உப்பு அதிகம் என்று சண்டை வந்ததாகத்தானே சொல்லியிருக்கிறீர்கள்? அறிக்கையில் அதுவும் இருக்கிறதே. பறக்கப் போகிற மனுஷனிடம் உப்புக்காக ஒரு சண்டையா என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மனசில் இருப்பதை மறைத்து எழுதத் தெரியவில்லை, திட்டிக்கொள்ளுங்கள்.

திட்டி முடித்ததும் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். மருந்து திறக்கும் கைப்பிடி என்ன நிறம்? பெல்ட் எங்கே இற்றுப் போயிருந்தது? கண்ணாடிக்கு மேலே குறுக்கே ஓடும் குழாய் எவ்வளவு தடிமன்? தரையில் பெயின்ட் எங்கே போயிருந்தது? சீட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம்?

கொழுந்தன்


ஜூலை 6

தம்பிக்கு,

உப்பைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதாதீர்கள்.

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று எடை மேடையில் நின்றுகொண்டு, கைப்பிடி சிவப்பா ஆரஞ்சா என்று யோசித்து ஒரு மூட்டையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். இதற்கு உங்களுக்கு எழுதிவிடுவதே மேல்.

சிவப்புதான். ஆனால் உள்ளங்கை படுகிற பக்கம் சிவப்பு போய் வெள்ளித் தகடு தெரியும். இடது பெல்ட் தோளுக்குக் கீழே நாலு விரல் தள்ளி நூல் பிரிந்திருக்கும். நான் நீல நூலால் தைத்தேன், கறுப்பு நூல் கைக்கு வரவில்லை. "பறக்கிற துணிக்கடை" என்று கேலி செய்தார். தரையில் வலது குதிகால் வைக்கிற இடம் மட்டும் பெயின்ட் போய், முட்டை வடிவத்தில் வெறும் தகரமாக இருக்கும். முதுகுவலியால் இடது காலை அவர் அப்படி ஊன்ற மாட்டார், உங்களுக்குத் தெரியுமே.

பிடித்து ஓட்டுகிற ஸ்டிக்கின் தலையில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும், வேர்வையில் வழுக்காமல் இருக்க. பானலின் வலது ஓரத்தில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருப்பார், வயலுக்கு எத்தனை தடவை போய் வந்தார் என்று. சாயங்காலம் நான் ஈரத்துணியால் அழிப்பேன். அழித்து அழித்து அந்த இடம் மட்டும் மற்றதைவிட வெளுத்துப்போயிருக்கும். அதைப் பளிச்சென்று செய்துவிடாதீர்கள், லேசாக இருக்க வேண்டும்.

மேலே ஓடும் குழாய் என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். நெற்றி இடிக்காமல் இருக்கக் கறுப்பு நுரை சுற்றியிருந்தது. கண்ணாடியை நான் வெளியே நின்று துடைப்பேன், அவர் உள்ளே இருந்துகொண்டு, "இங்க ஒரு பூச்சி, அங்க ஒரு பூச்சி" என்று விரலால் காட்டுவார். இல்லாத பூச்சியையும் காட்டுவார். நான் தேய்த்துக்கொண்டே இருப்பேன், அவர் உள்ளே சிரித்துக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்கவும் ஆளில்லை.


ஜூலை 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை லேப் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். நீல நூலுக்கு என் சட்டைப் பொத்தானிலிருந்து ஒரு இழையை உருவினேன், அதையும் நாலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பெல்ட், பற்பசைக் குழாயின் தகடு. பக்கிள் ஃப்யூஸ் கம்பி. பென்சில் கோடுகளை முதலில் போட்டு, பிறகு ஈரப் பஞ்சால் நீங்கள் செய்வதுபோலவே அழித்தேன். எத்தனை தடவை அழித்தால் அந்த வெளுப்பு வருகிறது தெரியுமா? முப்பது தடவைக்கு மேல். பக்கத்து மேஜைக்காரர், "இன்னிக்கு யாரோட கடைவாய்ப் பல்லுங்க இது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணனையும் மெழுகில் செய்துவிட்டேன். ஆறு அடிக்கு ஆறு அங்குலம். முகம் செய்யவில்லை, என்னால் முடியவில்லை. உட்கார்ந்த நிலையில் கால்கள் பெடலுக்குச் சரியாகப் போகின்றன, கை ஸ்டிக்குக்கு எட்டுகிறது. எல்லாம் பொருந்துகிறது.

ஆனால் சீட்டு உயரத்தை மட்டும் நீங்கள் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டதற்கு மேல் எழுதியிருக்கிறீர்கள், அது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஏற்றி இறக்க முடியாத பழைய ரகச் சீட்டு என்பது ஞாபகம் இருக்கிறது. அளவு வேண்டும்.

இன்னொன்று. அண்ணனின் முதுகுவலிக்கு நான் ஒரு மெத்தை செய்து கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பிளாஸ்டர் பையின் மேல் அவரை உட்கார வைத்து, வாயில் அச்சு எடுப்பதுபோல அச்சு எடுத்து, அதற்கு அச்சு அசலாக வார்த்தேன். "உட்காருற இடத்துக்கும் பல்செட் கட்டிட்டான் என் தம்பி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதன் பெயரே பல்செட் ஆகிவிட்டது. அதை அவர் விமானத்தில் போட்டாரா, இல்லை எனக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டில் மூலையில் போட்டுவிட்டாரா? போட்டிருந்தால் அதையும் செய்வேன். நான் செய்ததில் ஒன்றாவது அதில் இருந்தது என்றால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கொழுந்தன்


ஜூலை 21

தம்பிக்கு,

போதும். இவ்வளவு செய்ததே பெரிது. சீட்டை வெறுமையாக விட்டுவிடுங்கள். ஆளை அதில் உட்கார வைக்க வேண்டாம், மெத்தையும் வேண்டாம். ஒரு பெட்டியில் போட்டு மூடி வையுங்கள். இவளுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

நான் சொல்லி நீங்கள் எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் கேளுங்கள்.


ஆகஸ்ட் 9

அண்ணி,

கேட்கவில்லை. அண்ணனின் விமானத்தைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கைத் தேடிப் போய் விசாரித்தேன். "அந்த மெத்தை இல்லாம சார் ஏறவே மாட்டாரு" என்றார். அன்றைக்குமா என்று கேட்டேன். "அன்னிக்கும்தான்." சீட்டு உயரத்தையும் அவரே சொன்னார்.

மெத்தையின் அச்சு இன்னும் லேபில் இருந்தது. மூன்று அங்குலம். நம் கணக்கில் கால் அங்குலம். செய்து வைத்து அண்ணனை அதன் மேல் உட்கார வைத்தேன். தலை மேலே போய்விட்டது. ஏதோ தப்பு என்று மூன்று தடவை அளந்தேன். தப்பில்லை.

பிறகு க்ளினிக்கிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கேமராவை இரவல் வாங்கி வந்தேன். மெழுகுத் தலையைக் கழற்றிவிட்டு, கண் இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்தேன். விமானத்தைப் பயிருக்கு மேல் பறக்கிற உயரத்தில் நிறுத்தினேன். அறிக்கையில் கம்பியின் உயரமும் தூரமும் இருக்கின்றன. அந்த வாரம்தான் புதிதாக இழுத்த கம்பி என்றும் இருக்கிறது. லேபின் நீளம் போதாமல், கதவைத் திறந்து நடையின் கடைசியில் கம்பிக்குப் பதில் ஒரு நூலைக் கட்டினேன்.

மெத்தை இல்லாமல் பார்த்தால் நூல் தெளிவாகத் தெரிகிறது. மெத்தையைப் போட்டால் அந்த நுரை சுற்றிய குழாய் நூலுக்கு நேராக வந்து நிற்கிறது. நூல் இல்லை. நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தேன். குழாய்க்கு மேலே அது எட்டிப் பார்த்த இடத்திலிருந்து கணக்குப் போட்டால், அவருக்கு ஒரு விநாடி கிடைத்திருக்கும். அவ்வளவுதான்.

சாதாரணப் பஞ்சு மெத்தை என்றால் அவர் எடைக்கு அமுங்கியிருக்கும். நான் அமுங்காத பொருளில் செய்தேன். இருபது வருஷமாகப் பல்செட் செய்கிறவன். அமுங்கினால் பல்செட் ஆடும், ஆடினால் புண்ணாகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அதே கையோடு இதையும் செய்தேன். அச்சு சரியாக விழுந்ததா என்று பார்த்தேனே தவிர, அண்ணனின் கண் எங்கே போகும் என்று ஒரு நிமிஷம் நினைக்கவில்லை.

உங்களை அத்தனை பேருக்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்டேன். இரண்டு வருஷமாக உப்பு உப்பு என்று உங்களை வெறுத்தேன். என் அண்ணனைக் கொன்றது நான் அண்ணி.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் சீட்டை வெறுமையாக விடச் சொன்னீர்களா?


ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

நான் மருந்து ஏற்றுகிற இடத்தில் நின்று அவர் பறப்பதைத் தினமும் பார்ப்பவள். பல்செட் வந்த பிறகு, பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்ப்பதுபோலக் கழுத்தை மடக்கி மடக்கிப் பார்த்தார். முந்தின நாள் ஒரு கொட்டகைக் கூரையை உரசாத குறையாக வந்தார். அன்றைக்குக் காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மெத்தையை உருவித் தரையில் எறிந்தேன். "இத எடுத்துட்டு ஏறுங்க, இல்லாட்டி நான் மருந்து ஏத்த மாட்டேன்" என்று கத்தினேன். அதுதான் அந்தத் தகராறு. உப்பும் இல்லை, குழம்பும் இல்லை. அவர் அந்தப் பக்கம் போய் உங்களுக்குப் போன் செய்தார். உங்களிடம் எதற்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அதிகாரி என்னிடம் கேட்டபோது நீங்கள் கதவோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். என் வாயில் உப்பு என்றுதான் வந்தது. அவர் அதை எழுதிக்கொண்டார்.

மெத்தைக்காக உங்கள் மேல் எனக்கு எள்ளளவும் கோபம் கிடையாது. அவர் பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக முதுகைப் பிடித்துக்கொள்ளாமல் ஏணியில் இறங்கியது அதனால்தான். அது ஆசையாகச் செய்தது. ஆனால் அன்றைக்கு நீங்கள் என்னைக் கேட்ட கேள்வியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க முயற்சி செய்தேன், வரவில்லை. உங்களுக்காக அந்தப் பழியை நான் சுமந்துகொண்டு நிற்கிறேன், நீங்களே வந்து என் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றினீர்கள். இப்போது உண்மை தெரிந்த பிறகு எழுதுகிற மன்னிப்புக் கடிதத்தை வைத்து நான் என்ன செய்ய? உண்மை தெரியாதபோது ஒரு தடவை "அண்ணி, என்ன நடந்தது?" என்று தனியாகக் கேட்டிருந்தால் போதுமே. சொல்லியிருக்க மாட்டேன்தான். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

நீங்கள் கொல்லவில்லை. அந்த வார்த்தையை இன்னொரு தடவை எழுதினால் அடுத்த கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

அறிக்கை கொடுத்த அந்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். குழாய், மெத்தை, நூல் எல்லாவற்றையும், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். எனக்காக வேண்டாம். இவள் பதினோராம் பக்கத்தைப் படிக்கும்போது பக்கத்தில் இன்னொரு தாளும் இருக்க வேண்டும். இப்போதைக்கு இங்கே வர வேண்டாம். வந்தால் நான் கதவைத் திறப்பேனா என்று எனக்கே தெரியாது.

அவர் கோபமாக ஏறினார் என்று ஊரே சொல்லிவிட்டது, நீங்களும் நம்பிவிட்டீர்கள். அது மட்டும் பொய். போன் பேசிவிட்டுத் திரும்பி வந்தவர் மெத்தையை எடுத்துத் தூசி தட்டி மறுபடி சீட்டில் வைத்தார். "நீ சொல்றது சரிதான். அடுத்த வாரம் அவன் வர்றான்ல, நானே பக்குவமா சொல்லி உயரத்தைக் குறைக்கச் சொல்றேன். இந்த ஒரு வாரம் பொறுத்துக்கோ" என்றார். நான் மருந்தை ஏற்றினேன். ஏணியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நீ அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாத. ஆசையா செஞ்சிருக்கான், தாங்க மாட்டான்" என்றார்.

சரி என்றேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.